‘பொய் வலிப்பு’ என்று எழுதலாமா?

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சூடோ சீஷர்’ என்று இரண்டே சொற்கள். கல்லூரியில் படிக்கும் பையன் செல்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: “பொய் வலிப்புன்னு போட்டிருக்காங்க, பாட்டி.” அதுவரை அந்த வீட்டின் மருமகள் நோயாளி. அந்த நொடியிலிருந்து நடிக்கிறவள். இப்படி இரண்டு சொற்களால் வீட்டில் இடம் இழந்தவர்கள் பலர். அவர்களுக்காகவே இந்த வாரப் பகுதி.

மூளையின் மின்துடிப்புகள் திடீரெனத் தாறுமாறாவதால் வருவது கால்-கை வலிப்பு நோய், ஆங்கிலத்தில் எபிலெப்சி. ஊர்ப்பேச்சில் காக்காய் வலிப்பு. அந்த மின்கோளாறு இல்லாமலே, பார்வைக்கு அதே போல வரும் வலிப்பும் உண்டு. மருந்துக்கு அடங்கவில்லை என்று பெரிய வலிப்பு சிகிச்சை மையங்களுக்கு அனுப்பப்படுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருப்பது இதுதான். இவ்வளவு பரவலான ஒன்றை எப்படி அழைப்பது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் முழு உடன்பாடு இல்லை.

நம்பிக்கை: ஈ.ஈ.ஜி. நார்மல் என்றால் நடிப்புதான்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. மூளையின் மின்துடிப்பைப் பதியும் வழக்கமான ஈ.ஈ.ஜி. அரை மணி நேரம்கூட நீடிப்பதில்லை. வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால், உண்மையான கால்-கை வலிப்பு உள்ளவருக்கும் அது நார்மலாக இருக்கக்கூடும். அந்தத் தாளை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது. உறுதியாகச் சொல்ல வீடியோ ஈ.ஈ.ஜி. வேண்டும்: தலையில் மின்முனைகளை ஒட்டி, எதிரே கேமராவை வைத்து, வலிப்பு வரும் வரை மருத்துவமனையில் காத்திருந்து, உடலின் அசைவையும் மூளையின் துடிப்பையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. கண்களை இறுக மூடியிருப்பது, தலை பக்கவாட்டில் ஆடுவது, இழுப்பு விட்டு விட்டு ஏறி இறங்கி நெடுநேரம் நீள்வது எல்லாம் மருத்துவருக்குத் துப்புகள். ஒரு துப்பு மட்டும் தீர்ப்பாகாது. விழுந்து அடிபடுவதும் சிறுநீர் கழிந்துவிடுவதும் இதிலும் நடக்கும். ஜெர்மனியில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் வலிப்பிலிருந்து சரியான நோயறிதல் வரை சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் தேவையற்ற மாத்திரைகள்.

இரண்டாவது தவறு இதைவிடக் கொடியது. மின்கோளாறு இல்லையென்றால் வேண்டுமென்றே செய்கிறார் என்று எப்படி ஆகும்? மேடையேறும்போது சிலருக்குக் கை நடுங்குகிறது, நா வறள்கிறது. ‘நடிக்கிறான்’ என்று யாரும் சொல்வதில்லை. உடல் தன் கட்டுப்பாட்டை இழக்க நரம்பில் பழுது இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இது அவர்கள் வரவழைப்பதல்ல, அவர்களுக்கு வருவது.

நம்பிக்கை: எந்தப் பெயரில் அழைத்தால் என்ன, நோய் ஒன்றுதானே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்த்தேன் ஷார்கோ இதை ‘ஹிஸ்டெரோ எபிலெப்சி’ என்றார். ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆண்களுக்கும் ஹிஸ்டீரியா வரும் என்று ஷார்கோவே எழுதினார். ஆனாலும் சொல்லில் ஏறியிருந்த கருப்பை இறங்கவில்லை. இது பெண்களின் கோளாறாகவே நின்றுபோனது. இன்றும் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தான். மீதிக் கால்வாசி ஆண்கள் அந்தப் பெயருக்கு அஞ்சி மறைத்துக்கொண்டால் வியப்பில்லை.

1960-களில் மருத்துவ ஏடுகளில் ‘சூடோ சீஷர்’ வந்தது. போலி, பொய் என்ற பொருள் அதன் முன்னொட்டிலேயே இருக்கிறது. பிறகு ‘சைக்கோஜெனிக்’, அதாவது மனத்தில் பிறந்தது. அடுத்து ‘நான் எபிலெப்டிக்’, எபிலெப்சி அல்லாதது. இது யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என்ன அல்ல என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. “அப்ப எனக்கு என்னதான் டாக்டர்?” என்று கேட்பவருக்கு அதில் பதில் இல்லை.

எடின்பரோவின் நரம்பியல் மருத்துவர் ஜான் ஸ்டோனும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் இதை நோயாளிகளிடமே கேட்டார்கள். காலில் பலவீனம், பரிசோதனைகள் எல்லாம் நார்மல்; இந்நிலையில் மருத்துவர் இன்ன பெயரைச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஒருவர் புண்பட, எத்தனை பேரிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ‘எல்லாம் மனத்தில்தான்’ என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் புண்படுவார். ‘ஃபங்ஷனல்’ என்றால் ஒன்பது பேருக்கு ஒருவர். அடுத்த ஆண்டு வலிப்புக்கான பெயர்களைப் பற்றியும் கேட்டார்கள். புண்பட்டவர் மறுமுறை அந்த மருத்துவரிடம் வருவாரா என்று யோசித்தால், இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பது விளங்கும்.

2010-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் ‘நியூராலஜி’ இதழில் எதிரெதிராக எழுதினார்கள். ‘சீஷர்’ என்றால் எல்லோரும் எபிலெப்சி என்றே நினைப்பார்கள், மாத்திரை தொடரும். எனவே ‘அட்டாக்’ என்போம் என்றார் செலிம் பென்பாடிஸ். ‘சீஷர்’ என்றே இருக்கட்டும் என்றார் கர்ட் லஃப்ரான்ஸ். ‘அட்டாக்’ என்பதற்குத் தாக்குதல் என்றும் பொருள். இந்நோயாளிகளில் பலர் அடியும் வன்முறையும் பட்டு வந்தவர்கள். அவர்கள் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதை நினைத்தால், என் மனம் லஃப்ரான்ஸ் பக்கமே சாய்கிறது.

இப்போது ‘ஃபங்ஷனல்’, ‘டிஸோசியேட்டிவ்’ ஆகிய இரண்டும் முன்னணியில் நிற்கின்றன. சிலர் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். முதலாவது, மூளையின் கட்டமைப்பில் பழுதில்லை, இயங்கும் விதத்தில் தடுமாற்றம் என்கிறது. இரண்டாவது, நினைவு தன்னிடமிருந்து விலகிப் போவதைக் குறிக்கிறது. “சத்தமெல்லாம் கேக்குது, பதில் சொல்ல முடியலை, நான் எங்கேயோ போயிடறேன்” என்பவருக்கு அது பொருந்தும். எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை என்பதே அதன் மேல் உள்ள குறை.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘ஃபங்ஷனல்’ என்பதை அகராதி பார்த்துச் ‘செயல்பாட்டு வலிப்பு’ என்று எழுதினால், கேட்பவர் காதில் ‘செயற்கை வலிப்பு’ என்று விழ வாய்ப்பு உண்டு. பொய்யை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கொல்லை வழியே அழைத்தது போல் ஆகிவிடும். அதே சமயம் நம் மொழியில் ஒரு வசதியும் உண்டு. வலித்தல் என்றால் இழுத்தல். வலிப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் இழுப்பைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ஆகவே இவருக்கு வருவதும் வலிப்புதான். ‘வலிப்பு நோய்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

நம்பிக்கை: ஏதோ மனக்கஷ்டம் இருக்கிறது, சொல்லாமல் மறைக்கிறாள்.

பலருக்குப் பின்னணியில் துயரம் இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டைத் திருத்தியபோது, இந்த நோயறிதலுக்கு மன அழுத்தத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. துருவித் துருவிக் கேட்கும் உறவினர்களும் அதை விட்டுவிடலாம்.

நம்பிக்கை: எபிலெப்சி இல்லையென்றால் பயமில்லை.

2020-இல் மெல்பர்ன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட இரண்டரை மடங்கு. சிகிச்சையே ஆபத்தாவதும் உண்டு. நிற்காத வலிப்பு என்று எண்ணி இரத்தக் குழாயில் மருந்துக்கு மேல் மருந்து ஏற்றினால் மூச்சு தளரும், தொண்டையில் குழாய் போட நேரிடும். 2019-இல் வெளியான அமெரிக்காவின் பெரிய மருந்துப் பரிசோதனை ஒன்றில், நிற்காத வலிப்பு என்று சேர்க்கப்பட்டவர்களில் சுமார் பத்து சதவீதத்தினருக்கு அது எபிலெப்சியே இல்லை. எபிலெப்சிக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதும் உண்மை. இந்த வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கால்-கை வலிப்பு நோயும் உண்டு. அதனால் பெயர் மாறியது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார்.

வீட்டில் வலிப்பு வந்தால் எந்த வகை என்று ஆராய வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கவும் வேண்டாம், வலிப்பை நிறுத்தும் சக்தி இரும்புக்கு இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. ஒருவர் செல்பேசியில் வீடியோ எடுக்கட்டும். நாம் வாயால் சொல்வதைவிட மருத்துவருக்கு அது அதிகம் உதவும்.

இதற்கான சிகிச்சை பேச்சு வழிச் சிகிச்சை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுவதும் 368 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், ஓராண்டு முடிவில் வலிப்பின் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வலிப்பின்றிக் கடந்த நாட்கள் கூடின, அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டது. அந்தச் சிகிச்சைக்கு ஒருவர் வந்து உட்கார வேண்டுமானால், முதலில் அவரை நம்ப வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த இரண்டு சொற்களுக்குப் பதிலாக மருத்துவர் இப்படி எழுதிக் கொடுக்கலாம், வாயாலும் சொல்லலாம்: “உங்களுக்கு வருவது வலிப்புதான், நாங்களே பார்த்தோம். நீங்கள் வேண்டுமென்று செய்வதல்ல. மூளையில் மின்கோளாறு இல்லை, அதனால்தான் அந்த மாத்திரை கேட்கவில்லை. இதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.”