பெட்டிக்குள்ளே ஒரு மூளை: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த பிராசஸர்?



மேஜைக்குக் கீழே நிற்கிற பெட்டியை நாம எல்லாரும் 'சிபியு' என்றுதான் சொல்றோம். அந்தப் பெட்டிக்குப் பெயர் கேபினட். உண்மையான சிபியு, அதாவது பிராசஸர், அதுக்குள்ளே மதர்போர்டு மேலே ஃபேனுக்கு அடியில் இருக்கு. அளவு ஏறக்குறைய ஒரு தீப்பெட்டிதான். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் எல்லாம் அதுதான் செய்யுது.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால் அதை அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்பார்கள். ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிராசஸரைத் தப்பாக வாங்கினால் பல நேரம் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். நம்ம பக்கம் பீடி சுற்றியும், மில் வேலை, வயல் வேலை பார்த்தும் சேர்த்த காசில்தான் பிள்ளைங்க படிக்கக் கம்ப்யூட்டர் வாங்குறாங்க. அதனால தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

1. பெயரைப் படிப்பது எப்படி?

இன்டெல், ஏஎம்டி என்று இரண்டு கம்பெனிகளின் பிராசஸர்தான் கடையில் அதிகம் கிடைக்கும். இன்டெல்லில் ஐ3, ஐ5, ஐ7 என்று வரும். "ஐ7 பெரிசு, ஐ3 சிறிசு" என்று நினைக்கிறோம். அது ஒரே தலைமுறைக்குள்ளே மட்டும்தான் சரி. கோடு போட்டு அதுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் தலைமுறை இருக்கு. ஐ3-12100 என்றால் 12ஆம் தலைமுறை. ஐ7-2600 என்றால் 2ஆம் தலைமுறை. இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

ஐ7-2600: வந்த வருஷம் 2011. கோர் 4, த்ரெட் 8. அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். மின்சாரம் 95 வாட்.

ஐ3-12100: வந்த வருஷம் 2022. கோர் 4, த்ரெட் 8. அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். மின்சாரம் 60 வாட், வேகம் கூடும்போது 89 வாட் வரை.

கோரும் த்ரெட்டும் ஒண்ணு, கிகாஹெர்ட்ஸும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா வேலையில் ஐ3-12100 ரொம்ப முந்திவிடும். காரணம், ஒரு துடிப்புக்குள்ளே புதுசு முடிக்கிற வேலை அதிகம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அரிவாளை வீசினாலும், ஒரு வீச்சில் அறுக்கிற கதிர் யாருக்கு அதிகமோ அவங்கதானே முதலில் வரப்புக்கு வருவாங்க!

பழைய ஐ7 பெட்டியை "ஐ7, விலை கம்மி" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. தலைமுறையைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேணும். வீட்டில் ஏற்கனவே பழசு இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் போட்டுப் படிக்க, டைப் செய்யப் பயன்படுத்தலாம்.

2. கோர் எத்தனை வேணும்?

கோர் என்பது வேலை செய்யும் ஆள். அணை திறந்து கார் நடவு நடக்கும்போது நாலு பேர் நட்டால் ஒரு நாள் ஆகும் வயலை, எட்டு பேர் நட்டால் அரை நாளில் முடிக்கலாம். ஆனா மடை திறந்து விட ஒரு ஆள் போதும். அங்கே எட்டு பேர் போய் நின்றாலும் தண்ணீர் வேகமாக ஓடாது. வீடியோ எடிட்டிங் நடவு மாதிரி, கோர் கூடினால் சீக்கிரம் முடியும். டைப் செய்வது, பாடம் பார்ப்பது மடை திறப்பது மாதிரி. அதுக்கு 4 நல்ல கோர் தாராளம்.

3. படம் தெரியுமா?

திரையில் படம் வர கிராபிக்ஸ் வேணும். சில பிராசஸரில் அது உள்ளேயே இருக்கும், சிலதில் இருக்காது. இன்டெல் எண்ணின் கடைசியில் 'எப்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனியாக கார்டு வாங்கணும். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யில் கடைசி 'ஜி', உள்ளே நல்ல கிராபிக்ஸ் இருக்குன்னு காட்டுது. அதில் 6 கோர், 12 த்ரெட். அதோட ராமை ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் போட்டால் படம் இன்னும் வேகமாக வரும்.

4. சாக்கெட் பொருந்துமா?

மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஊருக்கு ஊர் பூட்டு வேற, சாவி வேற என்கிற மாதிரி. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ1700. 2024-ல் வந்த டெஸ்க்டாப் கோர் அல்ட்ராவுக்கு எல்ஜிஏ1851. ரைசன் 5600ஜி-க்கு ஏஎம்4, அதில் டிடிஆர்4 ராம் மட்டும்தான் போடலாம். 2022-ல் வந்த ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700 போர்டில் சிலது டிடிஆர்4, சிலது டிடிஆர்5. பார்த்து வாங்கணும்.

5. கரண்ட் கணக்கு

திரையோடு சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் 100 வாட் எடுக்குதுன்னு வைப்போம். தினம் 5 மணி நேரம், 60 நாள்.

100 × 5 × 60 = 30,000 வாட் மணி = 30 யூனிட்.

நம்ம மாநிலத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் 30 யூனிட் கம்ப்யூட்டருக்கே போயிரும். வாட் எண்ணையும் பார்த்து வாங்குங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

6. கடையில் கவனிக்க

அம்பாசமுத்திரமோ, திருநெல்வேலியோ, சென்னை ரிச்சி தெருவோ, எங்கே வாங்கினாலும் இதைப் பாருங்க.

* முழு எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லணும். 'ஐ5' என்று மட்டும் எழுதினால் போதாது.
* சீல் வைத்த பாக்ஸா, டிரேயா என்று கேட்கணும். டிரே என்றால் பிராசஸர் மட்டும்தான், ஃபேன் வராது.
* ஏஎம்4 பிராசஸருக்கு அடியில் ஊசி மாதிரி பின் நிறைய இருக்கும். இன்டெல்லில் பின் மதர்போர்டில் இருக்கும். ஒண்ணு வளைந்தாலும் சிக்கல். அழுத்தித் திணிக்கக் கூடாது. மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்து மெதுவாக வைக்கணும்.
* பிராசஸரில் மிச்சம் பிடித்த காசை எஸ்எஸ்டிக்கும் ராமுக்கும் போடுங்க. பெரிய பிராசஸர் வாங்கிட்டு பழைய ஹார்டு டிஸ்க் போட்டால் கம்ப்யூட்டர் நத்தை மாதிரிதான் திறக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பிராசஸரை வடிவமைத்தார்கள். 2018-ல் அது சிப்பாகவும் தயாரானது. சின்னக் கருவிகளுக்கு ஒரு வகை, அதைவிடப் பெரிய வேலைக்கு வேறு வகை என்று பிரித்துத்தான் அவங்க வடிவமைத்தார்கள். செய்யிறவங்களே வேலையைப் பார்த்துச் செய்யும்போது, வாங்குற நாமளும் வேலையைப் பார்த்துத்தானே வாங்கணும்? விரலுக்குத் தகுந்த வீக்கம்!

ஒரு கேள்வி

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லை. கடைக்காரர், "ஐ3-12100ஐ விட ஐ3-12100எப் விலை கம்மி, அதையே எடுத்துக்கோங்க" என்கிறார். எடுக்கலாமா, கூடாதா? காரணத்தோடு விடை எழுதி, பெயர், வகுப்பு போட்டு, சுவர் இதழ் பக்கத்தில் உள்ள பெட்டியில் போடுங்க. சரியான விடை அடுத்த இதழில்.

— 9ஆம் வகுப்பு மாணவி