குளிசை எடுத்தும் ரீ.எஸ்.எச். கூடியது ஏன்?

வட்டக்கச்சியிலிருந்து மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வரும் நம் தாய்மாரில் சிலர், தைரொயிட் சுரப்பு குறைந்தமைக்காகத் தைரொக்சின் குளிசை எடுக்கிறார்கள். பரிசோதனைத் துண்டில் எதிர்பாராத எண் வந்ததும் "மருந்து சரிவரவில்லை" என்று நிறுத்திவிடுவோர் உண்டு. தாமாகவே இரண்டாகக் கூட்டுவோரும் உண்டு. இரண்டுமே ஆபத்து. அந்த எண்ணை எப்படி விளங்கிக்கொள்வது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. எண் சொல்வது என்ன?

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பி ரீ4 என்ற ஓமோனைச் சுரக்கிறது. அது குறைந்தால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி ரீ.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்பி "இன்னும் தா" என்று கேட்கிறது. இரணைமடு வாய்க்காலின் கடைசிக் காணிக்காரரை நினைத்துக்கொள்வோம். தண்ணீர் குறைந்தால் அவருடைய குரல் உயரும். வயல் நிரம்பினால் அடங்கும். அதுபோல ரீ.எஸ்.எச். கூடினால் உடலுக்கு மருந்து போதவில்லை. மிகக் குறைந்தால் மருந்து மிஞ்சிவிட்டது. வழமையான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இது சற்று மாறும். துண்டில் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிடுக.

2. எண் ஏன் மாறுகிறது?

(அ) குளிசையைத் தேநீருடனோ சாப்பாட்டுடனோ எடுத்தல். காலையில் வெறுவயிற்றில் தண்ணீருடன் மட்டும் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

(ஆ) இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளைச் சேர்த்து எடுத்தல். இவை தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். 4 மணி நேர இடைவெளி தேவை. திரிபோஷாவில் சோயா இருப்பதால் அதையும் குளிசையோடு சேர்க்க வேண்டாம்.

(இ) நாட்கள் தவறுதல். நெல் வெட்டுக் காலத்தில் குளிசையை மறந்து, பரிசோதனைக்கு முந்திய சில நாட்கள் மட்டும் எடுத்தால் ரீ4 சரியாகவும் ரீ.எஸ்.எச். உயர்ந்தும் காணப்படலாம். நேற்று மடை திறந்ததால் வாடிய பயிர் இன்றே நிமிர்ந்துவிடாது.

(ஈ) அவசரப் பரிசோதனை. மருந்தின் அளவை மாற்றியபின் ரீ.எஸ்.எச். நிலைபெற 6 முதல் 8 வாரம் செல்லும்.

(உ) வெப்பம். தகரக் கூரையின் கீழ் வெயில் படும் இடத்தில் வைத்த குளிசை வலுவிழக்கும். நிழலான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.

(ஊ) முடி உதிர்வுக்காக வாங்கும் பயோட்டின் விற்றமின். இது உடலைவிடப் பரிசோதனையையே குழப்பி, மருந்து மிஞ்சியதுபோலக் காட்டக்கூடும். இரத்தம் கொடுக்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

3. கர்ப்பிணிகள் கவனத்துக்கு

முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைரொயிட் ஓமோனிலேயே தங்கியுள்ளது. அக்காலத்தில் மருந்தின் தேவை கூடும். கருத்தரித்தது தெரிந்த உடனேயே குடும்பநல மாதுக்கும் வைத்தியருக்கும் அறிவியுங்கள். குளிசையை ஒருபோதும் நிறுத்த வேண்டாம்.

4. நாம் செய்ய வேண்டியவை

2009இல் தருமபுரம், விசுவமடு என்று நகர்ந்தபோது கிளினிக் கொப்பியை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. குளிசையின் பெயர், மைக்கிரோகிராம் அளவு, பரிசோதனைத் திகதி, எண் ஆகியவற்றை இன்னொரு தாளிலும் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். தவறிய நாட்களை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் தேவையின்றி மருந்து கூட்டப்படும். மிஞ்சிய மருந்து நெஞ்சைப் படபடக்கச் செய்யும், எலும்பைத் தேய்க்கும். அயலவரின் குளிசையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

கலந்துரையாட:

1. நம் வீட்டில் காலைத் தேநீருக்கு முன் குளிசை எடுக்க என்ன ஒழுங்கு செய்யலாம்?

2. கிளினிக் நாளில் கூலி வேலை வந்தால், தாய்க்குப் பதிலாக வீட்டில் யார் எந்தப் பொறுப்பை ஏற்கலாம்?