ஒரு சோறு பதமாகுமா?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முன்னோர் மொழி. இலக்கணம் பயிலும் நாமும் சில சொற்களைச் சான்றாகக் கொண்டு விதி வகுத்து, அதற்கு அடங்காதனவற்றைப் புறனடையால் அமைத்துக்கொள்கின்றோம். கணக்கியலுள்ளும் இம்முறை செல்லுமோ என்பதை 4,29,49,67,297 என்னும் ஓர் எண்ணைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண், ஒன்றினும் பெரிதாயின், பகா எண் எனப்படும். பிரெஞ்சு தேசத்துத் தூலூஸ் நகர நீதிமன்ற ஆலோசகராயிருந்த பெர்மா என்பார் ஒரு வரிசையைக் கண்டார். இரண்டின் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு தனித்தனியே ஒன்று கூட்டின் 3, 5, 17, 257, 65,537 என்பன வரும். இவ்வைந்தும் பகா எண்களே. ஆதலின் இவ்வரிசை முழுதும் அத்தகையதே என்று அவர் 1640-இல் நம்பி எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லையென்பதையும் ஒப்புக்கொண்டார்.

வரிசையின் ஆறாம் எண், 32-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டியதாகிய நம் எண்ணே. இதனைச் சோதிக்க 65,536-க்கு உட்பட்ட பகா எண்கள் 6,542-ஆலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆயின், இதனை வகுக்கும் பகா எண் யாதாயினும் 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருக்கும் என்பது ஆய்லர் என்னும் கணித மேதை பிற்காலத்தில் நிறுவிய விதி. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். நாமும் தாளெடுத்து வகுத்துப் பார்த்தோம். முதல் நான்கும் மீதி தந்தன. ஐந்தாவது மீதியின்றி வகுத்தது, ஈவு 67,00,417. இவ்வுண்மையை ஆய்லர் 1732-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 25.

வகுக்காமலும் இதனைக் காணலாம். 640 என்பது 5-ஐ இரண்டின் 7-ஆம் அடுக்கால் பெருக்கியது. 640-இன் 4-ஆம் அடுக்கில் ஒன்று குறைப்பின் 641-ஆல் வகுபடும். அஃதாவது, 625-ஐ இரண்டின் 28-ஆம் அடுக்கால் பெருக்கி ஒன்று குறைத்தது வகுபடும். இனி, 641 என்பது 625-உம் 16-உம் கூடியது. அதனை அதே 28-ஆம் அடுக்கால் பெருக்கின், வருவதும் 641-ஆல் வகுபடும். பின்னதில் முன்னதைக் கழிக்க, எஞ்சுவது இரண்டின் 32-ஆம் அடுக்கும் ஒன்றும். அதுவே நம் எண்.

ஐந்து சோறு வெந்திருக்க, ஆறாவது வேகாததாயிற்று. இலக்கண விதி புறனடை பெற்றும் வாழும். கணக்கியல் விதியோ ஒரே புறனடையால் மாயும். இவ்வரிசையில் ஆறாவதொரு பகா எண் இன்றளவும் காணப்பட்டிலது. அதனால் இனி இல்லவேயில்லை எனத் துணிவோமாயின், பெர்மாவின் பிழையையே நாமும் செய்தவராவோம்; அதற்கும் நிரூபணம் இன்னும் கிடைத்திலது.