சும்மா இருப்பது சோம்பலா?

கேள்வி: மதியம் சாப்பிட்டபின் ஆற்றங்கரையில் அரை மணி நேரம் சும்மா உட்காருவேன். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். தப்பா?
– ஒரு வாசகர், ஆதிச்சநல்லூர்

பதில்: தப்பே இல்லை, விட்டுவிடாதீர்கள். தாமிரபரணிக் கரையில் உட்கார இடம் கிடைப்பதே கொடுப்பினை!

நாம் சும்மா இருக்கும்போது மூளை அணைந்துவிடுவதில்லை. பழைய நினைவுகளைப் புரட்டவும் நாளையை யோசிக்கவும் உதவும் பகுதிகள் அப்போதுதான் மும்முரமாகின்றன. 2001-ல் அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்கஸ் ரெய்க்கிளின் குழு இதை விளக்கியது. உடம்பிலும் நாடித் துடிப்பு தணியும், இறுகிய தோள் தளரும்.

தூத்துக்குடி விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளம் பெருகத்தான் அந்தத் தடை. படகு மராமத்து, வலைச் சீரமைப்பு எல்லாம் அப்போதுதான் நடக்கும். கடலுக்கே ஓய்வு வேண்டியிருக்கிறது, உங்களுக்கு வேண்டாமா?

செல்போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதைத் தடவிக்கொண்டிருந்தால் அது ஓய்வில் சேராது.