ஒரே ஊரில் இரு தண்டவாளங்கள்: கணினி வட்டைப் பற்றிய ஒரு பாடம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களுள் செந்தூலை அறியாதார் மிகச் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு எழுந்த இரயில்வே பட்டறையில் நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அவ்வூரில் இன்று இருவகை இரயில்கள் ஓடுகின்றன. பத்துமலைக்குச் செல்லும் கொமுட்டர் இரயிலின் தண்டவாளம் 1,000 மில்லிமீட்டர் அகலமுடையது. 1998ஆம் ஆண்டில் செந்தூல் தீமோர் வரை வந்து சேர்ந்த எல்.ஆர்.டி. இரயிலின் தண்டவாளமோ 1,435 மில்லிமீட்டர் அகலமுடையது. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. வண்டியிலும் பழுதில்லை, பாதையிலும் பழுதில்லை. அளவுதான் வேறு.

கணினி வட்டுகளின் நிலையும் இத்தகையதே. இதனை அறியாமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் குடும்பப் படங்களை இழப்பாரும் உண்டு.

செந்தூலில் தங்கிப் பயிலும் இளைஞர் ஒருவர், பட்டறையில் பணிபுரிந்த தம் தாத்தாவின் பழைய படங்களையெல்லாம் லினக்ஸ் கணினியின் வழி ஒரு வட்டில் சேர்த்து, தோட்டத்து வீட்டிற்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தங்கையின் விண்டோஸ் கணினியில் அதைப் பொருத்தியதும், வட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மெட் செய்ய வேண்டும் என்று கணினி கூறுகிறது. செய்யலாமா என்றும் கேட்கிறது. வட்டு வெறுமையானது என்று எண்ணித் தங்கை இசைந்துவிட்டால் என்னவாகும்? இக்கேள்விக்கு விடை காண இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, வட்டுப் பிரிவு. ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிப்பதுபோல் ஒரு வட்டைப் பல பிரிவுகளாக வகுக்கலாம். எப்பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வட்டிலேயே ஓர் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். 1983ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் எம்.பி.ஆர். என்னும் பழைய அட்டவணையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே இடமுண்டு. பொதுவாக ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் குறிக்க இயலாது. அதற்குப் பின் வந்த ஜி.பி.டி. அட்டவணை பெரிய வட்டுகளுக்கும் ஏற்றது. அதில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை அமைக்கலாம்.

இரண்டாவது, கோப்பு முறை. மனை வகுத்தால் மட்டும் போதாது. எப்பொருள் எங்கே உள்ளது என்பதற்குப் பேரேடு ஒன்று வேண்டும். அப்பேரேட்டை எழுதும் முறையே கோப்பு முறையாகும். விண்டோஸ் கணினிகள் 1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ். முறையைக் கையாளுகின்றன. லினக்ஸ் கணினிகளில் ஈஎக்ஸ்டி4 மிகுதியாக வழங்குகிறது. ஆப்பிள் கணினிகள் 2017 முதல் ஏ.பி.எஃப்.எஸ். முறைக்கு மாறின.

ஒருவர் எழுதிய பேரேட்டை மற்றவர் படிக்க வேண்டுமாயின் அந்த எழுத்தை அவர் அறிந்திருக்க வேண்டும். லினக்ஸ் பல முறைகளை அறியும், என்.டி.எஃப்.எஸ். வட்டில் படிக்கவும் எழுதவும் வல்லது. ஆப்பிள் கணினி அதே வட்டைப் படிக்கும். ஆனால் தனி மென்பொருளின் துணையின்றி அதில் எழுதாது. விண்டோஸ் தானாக ஈஎக்ஸ்டி4 வட்டைப் படிப்பதில்லை.

இப்போது விடை தெளிவாகும். தங்கையின் கணினி "வட்டு காலி" என்று கூறவில்லை. "இப்பேரேட்டை என்னால் படிக்க இயலவில்லை" என்பதே அதன் பொருள். இசைந்தால் பழைய பேரேட்டின் இடத்தில் புதியது எழுதப்படும். படங்கள் இருந்த இடம் தெரியாமற் போகும். தவறிச் செய்துவிட்டால், வட்டில் வேறெதையும் எழுதாமல் உடனே கழற்றி, விவரம் அறிந்தவரிடம் கொடுத்தால் மீட்க ஓரளவு வாய்ப்புண்டு.

எல்லாக் கணினிக்கும் பொதுவான முறை இல்லையா எனலாம். உண்டு. பழைய ஃபேட்32 முறையை ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் அறியும். ஆயின் அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டுதல் கூடாது. 64 ஜிகாபைட் விரலியில் இடமிருந்தும் ஒரு திருமணப் படக்காட்சி ஏறாமற் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் இந்தத் தடையில்லை. விண்டோஸும் ஆப்பிளும் அதனை ஏற்கும்; 2019இல் அதன் விவரங்கள் வெளியிடப்பட்ட பின் லினக்ஸும் நேரடியாக ஏற்றது. ஆகவே பல கணினிகளுக்கிடையே எடுத்துச் செல்லும் விரலிக்கு இதுவே பொருத்தமானது. எனினும் எழுதும்போது இடையில் பிடுங்கினால் இதன் பேரேடு சிதையக்கூடும். முறைப்படி விடுவித்த பின்னரே கழற்றுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை மூன்று. புதிய விரலியை, அதில் எதையும் சேமிக்கும் முன்னரே, எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்க. ஃபார்மெட் செய்யலாமா என்று கணினி கேட்டால் மறுத்துவிட்டு, வட்டு எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று விசாரிக்க. அரிய படங்களையும் பத்திரங்களையும் இரண்டு இடங்களில் வைத்திருக்க.

கொமுட்டர் வண்டி எல்.ஆர்.டி. பாதையில் ஓடவில்லை என்பதற்காகப் பாதையைப் பெயர்த்தெறிவார் யாருமில்லை. நம் வட்டையும் அவ்வாறே பேணுவோமாக.