வலைக்கு ஒரு வாசல்

இந்த மாதப் பாடம் ஒரு கடல் உயிரியலாளரின் வேலையைப் பற்றியது. நான் படிப்பது மெக்கானிக்கல் என்ஜினியரிங். ஆனாலும் இவரிடம் எனக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு.

பிரச்சினை என்ன?

இறால் பிடிக்கும் இழுவலையை, நம்ம ஊரில் புக்காட் துண்டா என்போமே, அதைக் கடலடியில் மணிக்கணக்கில் இழுப்பார்கள். வழியில் இருக்கும் கடலாமையும் உள்ளே போய்விடும். ஆமைக்குச் செவுள் கிடையாது. மேலே வந்துதான் மூச்சு விடணும். வலைக்குள் மாட்டினால் மூழ்கிச் செத்துப்போகும்.

தீர்வு என்ன?

ஆமை விலக்குக் கருவி. வலையின் பின்பகுதியில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்துவார்கள். கம்பிகளுக்கு நடுவே சுமார் 10 செ.மீ. இடைவெளி. இறால் அதில் நுழைந்து பின்னால் உள்ள பைக்குப் போகும். ஆமை கம்பியில் மோதி, சறுக்கி, பக்கத்தில் உள்ள திறப்பு வழியே வெளியேறும். அவ்வளவுதான். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை.

இதன் தொடக்கம் எங்கே தெரியுமா? அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், 1960களில். சிங்கி பூன் என்ற இறால் மீனவர், வலையை நிரப்பும் ஜெல்லி மீன்களை வெளியேற்றவே இப்படி ஒரு சட்டம் செய்தார். ஆமைக்கும் அது உதவியது.

சட்டம் போதுமா?

இந்தக் கருவி இல்லாத நாடுகளின் இறாலை வாங்க அமெரிக்கா தடை போட்டது. 1996-இல் மலேசியா, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்தன. அரசுகள் வாதாடலாம். ஆனால் படகில் நிற்கும் மீனவரின் கேள்வி வேறு: "ஓட்டை போட்டா என் இறாலும் போயிடுமே?"

இங்கேதான் சபாவில் பணியாற்றும் நிக்கோலஸ் பில்ச்சர் வருகிறார். கடலாமை ஆய்வாளரான இவர், மீன்வளத் துறையோடும் மீனவர்களோடும் சேர்ந்து, உண்மையான படகுகளிலேயே கருவியைச் சோதித்துக் காட்டினார். மரக்கட்டை, குப்பை, பெரிய ஜெல்லி மீன் எல்லாம் வெளியே போவதால் இறால் நசுங்காது. பொறுக்கி எடுக்கும் வேலையும் குறையும். மீனவருக்கு இதுவும் முக்கியம் அல்லவா?

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஆமையின் உயிரும் மீனவரின் சோறும் ஒரே வலையில் இருக்கின்றன. ஒன்றைக் காக்க இன்னொன்றைக் கெடுத்தால், அந்தக் கருவி கடலுக்குப் போகாது. படகில் ஒரு மூலையில்தான் கிடக்கும். எதை வடிவமைத்தாலும், அதைக் கையில் பிடிக்கப் போகிறவரிடம் முதலில் பேசணும். வகுப்பில் எனக்கு யாரும் இதற்கு மார்க் போடுவதில்லை. ஆனால் இதுதான் பாதி வேலை.

குழுவில் பேச:

1. நல்ல நோக்கம் உள்ள ஒரு விதியை மக்கள் ஏன் சில நேரம் எதிர்க்கிறார்கள்?
2. உங்கள் படிப்பையோ வேலையையோ வைத்து எந்த உயிருக்கு ஒரு வாசல் திறக்க முடியும்?