மதில் இல்லாத வாயில்

மலாக்காவின் பண்டார் ஹிலிர் பகுதியில், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் கல்லால் ஆன வாயில் ஒன்று தனித்து நிற்கிறது. அதன் இருபுறமும் மதில் இல்லை, கதவும் இல்லை. விடுமுறை நாள்களில், பூக்களாலும் பொம்மைகளாலும் அலங்கரிக்கப்பட்ட திரிஷா வண்டிகள் பாட்டொலியுடன் அதைக் கடந்து செல்லும். கல்விச் சுற்றுலா வரும் மாணவர்கள் வாயிலின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்வர். பத்து நிமிடத்தில் பேருந்துக்குத் திரும்பிவிடுவர். ஆனால், அந்த வாயிலை நிதானமாகப் படிக்க அரைநாள் கூடப் போதாது.

பலரும் இதை 'ஏ ஃபமோசா' என்றே அழைக்கின்றனர். இதன் பெயர் 'போர்த்தா டி சந்தியாகோ', அதாவது சந்தியாகோ வாயில். 'புகழ்பெற்றது' எனப் பொருள்படும் ஏ ஃபமோசா என்பது, தொடக்கத்தில் கோட்டைக்குள் உயர்ந்து நின்ற ஒரு கோபுரத்தின் பெயர். நாளடைவில் அது கோட்டை முழுவதற்கும் பெயராயிற்று. அந்தக் கோபுரம் இன்று இல்லை. கோட்டைக்கு இருந்த நான்கு வாயில்களுள் எஞ்சியிருப்பது இது ஒன்றே.

1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அஃபோன்சோ டி அல்புகர்க் தலைமையில் வந்த போர்த்துகீசியர், மலாக்காவைச் சுல்தானிடமிருந்து கைப்பற்றினர். பிடித்த நகரைக் காக்க அவர்களுக்கு உடனே ஒரு கோட்டை தேவைப்பட்டது. கல்லுக்கு எங்கே போவது? பள்ளிவாசலையும் மலாய் அரசர்களின் கல்லறைகளையும் பெயர்த்து, அந்தக் கற்களைக் கட்டுமானத்திற்குப் பயன்படுத்தினர். ஏ ஃபமோசாவின் பெருமையைப் பேசும்போது இந்தச் செய்தியை விட்டுவிடுவது நேர்மையாகாது. ஒரு மக்களின் வழிபாட்டிடத்தையும் முன்னோர் துயின்ற இடத்தையும் சிதைத்துத்தான் இக்கோட்டை எழுந்தது.

நாளடைவில் மதில் குன்றைச் சுற்றி வளைத்தது. உள்ளே தேவாலயங்கள், மருத்துவமனை, ஆளுநர் மாளிகை, வீடுகள் என ஒரு சிறிய நகரமே அமைந்தது. ஆச்சே, ஜொகூர் படைகள் பலமுறை முற்றுகையிட்டும் கோட்டை வீழவில்லை. 1641ஆம் ஆண்டு ஜனவரியில்தான், ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். அவர்கள் சேதமடைந்த பகுதிகளைச் சீரமைத்தனர். வாயிலின் மேற்பகுதியை அண்ணாந்து பார்த்தால், டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். போர்த்துகீசியக் கோட்டை என்று நாம் சொல்லும் வாயிலின் நெற்றியில் இருப்பது டச்சு முத்திரை! படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் அதைக் கவனிக்கிறார்களோ, தெரியவில்லை.

கோட்டைக்கு முடிவு வந்தது போரினால் அன்று, ஓர் ஆணையினால். ஐரோப்பாவில் பிரெஞ்சுப் போர்கள் நடந்துகொண்டிருந்தபோது, 1795இல் ஆங்கிலேயர் மலாக்காவின் பொறுப்பை ஏற்றனர். என்றாவது ஒருநாள் ஊரை டச்சுக்காரரிடம் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வலிமையான கோட்டையோடு ஏன் தர வேண்டும்? மேலும், மலாக்காவின் வணிகமும் மக்களும் பினாங்கிற்குப் பெயர வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். எனவே, கோட்டையை இடிக்க முடிவு செய்தனர். 1807இல் அப்பணி தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் வில்லியம் ஃபார்குவார். பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதல் ஆட்சிப் பொறுப்பாளர் ஆனவரும் இவரே.

அந்த இடிப்பைப் பற்றி இன்று நாம் உயிரோட்டத்துடன் அறிவதற்குக் காரணம், அப்போது அவ்வூரில் வாழ்ந்த ஒரு சிறுவன். அவருக்கு அப்போது பத்து, பதினொரு வயது இருக்கும். அவரே பின்னாளில் முன்ஷி அப்துல்லா என்று புகழ்பெற்ற அப்துல்லா பின் அப்துல் காதிர். ஏமன் நாட்டிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தின் நாகூரில் குடியேறிய ஒருவரின் வழியில் வந்தவர். மலாய் மொழியோடு தமிழையும் கற்றவர். மலாக்கா வணிகர்களிடையே அன்று தமிழ் தெரிந்திருப்பது பயனுள்ளதாக இருந்தது. 1849இல் அச்சான 'ஹிக்காயாட் அப்துல்லா' என்னும் தம் வாழ்க்கை வரலாற்று நூலில், தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதி வைத்தார்.

கோட்டையை இடிக்கக் கூலியாள்கள் அஞ்சினராம். அதற்குள் பேய்களும் ஆவிகளும் குடியிருப்பதாக ஊரார் நம்பினர். வேலைக்கு வந்தவர்களுள் சிலர் நோயுற்றதும் இறந்ததும் அந்த அச்சத்தை வளர்த்தன. கூலியை உயர்த்திக் கொடுத்தும் வேலை நகரவில்லை. கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் அந்த மதில் எளிதில் அசைந்து கொடுக்கவில்லை. முடிவில் அடியில் குழி தோண்டி, வெடிமருந்தை நிரப்பித் திரிக்குத் தீ வைத்தனர். யானை அளவிலும் வீட்டின் அளவிலும் இருந்த கற்கள் வானில் எழும்பிக் கடலில் விழுந்தன என்று அப்துல்லா எழுதுகிறார். அக்காலத்தில் கடல் அவ்வளவு அருகில் இருந்தது. பின்னர்க் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், இன்று வாயிலில் நின்று பார்ப்பவருக்கு அலைகள் தெரிவதில்லை, கடைத்தொகுதிகளே தெரிகின்றன.

கட்டியவர்களுக்கும் இடித்தவர்களுக்கும் அரசாங்க ஆவணங்கள் இருந்தன. அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டு நின்ற ஊர்மக்களுக்கோ அப்துல்லாவின் எழுத்துதான் இருந்தது. தங்கள் ஊரின் அழகே போய்விட்டதாக அவர்கள் வருந்தியதை அவர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இடிப்பு என்பது வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியாகவே எஞ்சியிருக்கும்.

1808இல், உடல்நலம் குன்றியிருந்த ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் ஓய்வுக்காகப் பினாங்கிலிருந்து மலாக்கா வந்தார். மலாக்காவைக் கைவிட வேண்டாம். பல தலைமுறைகளாக வாழும் மக்கள் ஊரை விட்டுப் பெயரமாட்டார்கள் என்று மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பினார். ஊரைக் கைவிடும் திட்டம் நிறுத்தப்பட்டது. சந்தியாகோ வாயில் தப்பியதற்கும் அவரே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அதற்குள் மதில் ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

அவ்வாயிலுக்கு அருகிலுள்ள பண்டார் ஹிலிர் திடலில்தான், 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், இலண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், நாடு விடுதலை பெறும் நாளை மக்களுக்கு அறிவித்தார். அந்நிய ஆட்சிக்குக் காவலாகக் கட்டப்பட்ட கோட்டையின் மிச்சம், அந்த ஆட்சி முடியப்போகும் செய்திக்கும் பக்கத்தில் நின்றது. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன், மலாக்கா ஆற்றுக்கு அருகில் சுழலும் கோபுரம் ஒன்றை எழுப்ப நிலத்தைத் தோண்டினர். மண்ணுக்கடியில் பழைய கற்சுவர் தென்பட்டது. வேலை நின்றது. ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது, அது டச்சுக்காரர் காலத்தில் கோட்டையோடு சேர்க்கப்பட்ட மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் எனத் தெரிந்தது. 1807இன் வெடிமருந்து தரைக்கு மேலிருந்ததைத்தான் அழித்திருந்தது. இப்போது முடிவெடுக்க வேண்டியிருந்தது: கோபுரமா, கொத்தளமா? கோபுரத்தை வேறிடத்திற்கு மாற்றினர். இன்று 110 மீட்டர் உயரமுள்ள தாமிங் சாரி கோபுரம் பண்டார் ஹிலிரின் மற்றொரு பகுதியில் சுழல்கிறது. மறுநிர்மாணம் செய்யப்பட்ட கொத்தளம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து சந்தியாகோ வாயிலுக்குச் சில நிமிடங்களில் நடந்தே போய்விடலாம்.